கம்ப்யூட்டர் அடிக்கடி கிராஷ் ஆகுதா? ரேம் பிரச்னையா, மதர்போர்டு போச்சா... வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை நீலமாகிறது, கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. சில நேரம் பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் மட்டும் சுற்றுகிறது, திரையில் எதுவுமே வருவதில்லை. கடைக்குக் கொண்டு போனால், 'மதர்போர்டு போயிடுச்சு, மாத்தணும்' என்று ஒரே வரியில் பதில் வரலாம்.

அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு ரேம் ஸ்லாட்டில் சரியாக உட்காராமல் இருந்தாலும், பயாஸில் ஒரு செட்டிங் தவறாக இருந்தாலும், பவர் சப்ளை தடுமாறினாலும் இதே அறிகுறிகள்தான் வரும். மதர்போர்டை மாற்றிய பிறகும் கிராஷ் தொடர்ந்தால் பணமும் போச்சு, நேரமும் போச்சு.

ரேமை 'சும்மா ஒண்ணு வாங்கி போட்டுப் பாப்போம்' என்பதும் இப்போது எளிதில்லை. ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் 2025 இறுதியில் ரேம் விலை கடுமையாக உயர்ந்தது. 'குரூஷியல்' என்ற பெயரில் சாதாரண வாடிக்கையாளர்களுக்கு ரேம் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்தத் தொழிலில் இருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அதனால் எந்த பாகத்தில் கோளாறு என்று உறுதி செய்த பிறகு செலவு செய்வதே புத்திசாலித்தனம். இதற்குத் தேவை ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு பென்டிரைவ், ஒரு ராத்திரி. அவ்ளோதான்.

முதலில் ஒரு குழப்பம் தீரட்டும்: ரேம் நிரம்புவது வேறு, ரேம் கெடுவது வேறு

பிரவுசரில் 40 டேப் திறந்து வைத்தால் கம்ப்யூட்டர் மெதுவாகும், சில ஆப்கள் தானாக மூடிக்கொள்ளும். இது ரேம் போதாமை. டாஸ்க் மேனேஜரில் மெமரி 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் காரணம் இதுதான். ரேம் கெட்டுப்போகவில்லை.

ரேம் கெட்டால் கதையே வேறு. கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போதும் கிராஷ் ஆகும். ஒருமுறை பிரவுசர் மூடும், அடுத்த முறை கேம் நிற்கும், இன்னொரு முறை விண்டோஸே விழும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எரர் பெயர் வரும். ஒரே சாஃப்ட்வேர் திறக்கும்போது மட்டும் ஒரே எரர் வந்தால் அந்த சாஃப்ட்வேரையோ, டிரைவரையோ சந்தேகிக்கலாம். எந்த ஒழுங்கும் இல்லாமல் கண்டபடி விழுந்தால் ஹார்ட்வேர் பக்கம் பார்க்க வேண்டும்.

நீலத்திரையில் 'மெமரி மேனேஜ்மென்ட்', 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்ட் ஏரியா' போன்ற வரிகள் வந்தால் ரேம் மீது சந்தேகம் கூடும். ஆனால் இந்தப் பெயர்களை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. மோசமான டிரைவர் கூட இதே வரிகளை வரவைக்கும். விண்டோஸ் 11-ன் புதிய அப்டேட்களில் இந்தத் திரை கறுப்பு நிறத்தில் வரும். நிறம்தான் மாறியிருக்கிறது, விஷயம் அதேதான்.

இதை ஏன் தள்ளிப்போடக் கூடாது?

'எப்பவாவதுதானே கிராஷ் ஆகுது, ஓட்டிக்கலாம்' என்று விடுவதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. நீங்கள் சேமிக்கும் ஒவ்வொரு போட்டோவும், டாக்குமென்ட்டும் ரேம் வழியாகத்தான் டிஸ்குக்குப் போகிறது. பழுதான ரேமில் ஒரு பூஜ்யம் ஒன்றாக மாறிவிட்டால், அந்தத் தவறோடுதான் ஃபைல் சேமிக்கப்படும். எந்த எச்சரிக்கையும் வராது. மாதங்கள் கழித்துத் திறக்கும்போதுதான் 'ஃபைல் கரப்ட்' என்று தெரியும்.

இது அனுபவசாலிகளையும் ஏமாற்றும். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கே 2022 அக்டோபரில் இது நடந்தது. அவருடைய கம்ப்யூட்டரில் புரோகிராம்கள் காரணமின்றி விழுந்தன. லினக்ஸின் புதிய கோடில்தான் பிழை என்று முதலில் சந்தேகித்தார். கடைசியில் பார்த்தால் ஒரு ரேம் ஸ்டிக் கெட்டுப்போயிருந்தது.

ரேம் பிழை அபூர்வமானதும் இல்லை. கூகுள் சர்வர்களை வைத்து 2009-ல் வெளியான ஆய்வில், ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ரேம் ஸ்டிக்குகளில் பிழை பதிவானது. சர்வர்களில் பிழையைத் திருத்தும் ஈசிசி வகை ரேம் இருக்கும். நம் வீட்டு கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் அது கிடையாது.

தொடங்கும் முன் இதைக் கவனிங்க

- பேக்கப் எடுக்கும்போது பழைய பேக்கப் மீதே எழுத வேண்டாம். பழுதான ரேம் வழியாக காப்பி ஆகும் ஃபைல்களும் கெடலாம். பழையதை அப்படியே வைத்துவிட்டு, புதிதாக வேறு டிஸ்கில் எடுங்கள். முடிந்தால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி எடுப்பது இன்னும் பாதுகாப்பு.
- கிராஷ் ஆகுது என்று உடனே விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டாம். கெட்ட ரேமில் இன்ஸ்டால் செய்தால் புது விண்டோஸும் பழுதோடுதான் ஏறும்.
- பிட்லாக்கர் வசதி ஆன் ஆகியிருந்தால் அதன் ரெக்கவரி கீயை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸ் செட்டிங்கை மாற்றினால் விண்டோஸ் அதைக் கேட்கலாம். கீ இல்லை என்றால் உங்கள் டிஸ்க்கை நீங்களே திறக்க முடியாது.

ஸ்டெப் 1: பயாஸில் ரேம் வேகத்தைக் குறையுங்கள்

செலவே இல்லாத முதல் சோதனை இது. டிடிஆர்4 ரேம் வழக்கமாக 1.2 வோல்ட்டில் இயங்கும். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் அதிக வேகத்தை எட்ட எக்ஸ்எம்பி என்ற செட்டிங்கை ஆன் செய்தால் பல ரேம்கள் 1.35 வோல்ட்டுக்குப் போகும். ஏஎம்டி போர்டுகளில் டிடிஆர்5 ரேமுக்கு எக்ஸ்போ என்று பெயர். இவை இரண்டுமே ஒருவகை ஓவர்கிளாக்கிங்தான். எல்லா ப்ராசஸரும் எல்லா போர்டும் அந்த வேகத்தைத் தாங்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

பயாஸுக்குள் போய் அந்த செட்டிங்கை ஆஃப் செய்துவிட்டு இரண்டு மூன்று நாள் பயன்படுத்திப் பாருங்கள். கிராஷ் நின்றுவிட்டால் ரேமும் போர்டும் கெட்டுப்போகவில்லை, வேகம்தான் ஒத்துவரவில்லை என்று அர்த்தம். கொஞ்சம் குறைந்த வேகத்தில் ஓட்டினால் போதும். பயாஸ் அப்டேட்டிலும் சில நேரம் இது சரியாகும்.

ஸ்டெப் 2: ரேமைக் கழற்றி மாட்டுங்கள்

பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சம் இருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உடலில் இருக்கும் நிலைமின்சாரம் சிப்புகளைக் கெடுத்துவிடும்.

ஸ்லாட்டின் ஓரத்தில் உள்ள கிளிப்பைத் திறந்து ரேமை எடுங்கள். தங்க நிறத்தில் இருக்கும் பற்களில் கை படக் கூடாது. அங்கே கருமை படிந்திருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த மெல்லிய துணியால் துடையுங்கள். பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்க்கும் பழக்கம் நம்ம ஊர்க் கடைகளில் உண்டு. அப்படிச் செய்தால் மெதுவாகத் தேய்த்து, ரப்பர் தூள் ஸ்லாட்டுக்குள் விழாமல் முழுக்கத் துடைத்துவிட வேண்டும். தூசியும் ஈரப்பதமும் அதிகம் உள்ள இடங்களில் இந்த ஒரு வேலையிலேயே பிரச்னை தீருவது உண்டு.

திரும்ப மாட்டும்போது 'கிளிக்' சத்தம் கேட்கும் வரை இரண்டு முனையையும் சமமாக அழுத்துங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேம் மட்டும் இருந்தால், பெரும்பாலான போர்டுகளில் ப்ராசஸரில் இருந்து எண்ணி 2-வது, 4-வது ஸ்லாட்டில் மாட்ட வேண்டும். உங்கள் போர்டின் மேனுவலில் சரியான இடம் இருக்கும்.

ஒரு குறிப்பு: டிடிஆர்5 கம்ப்யூட்டரில் ரேமை மாற்றிய பிறகு முதல்முறை ஆன் செய்தால் சில நிமிடங்கள் வரை திரை கறுப்பாகவே இருக்கும். புது ரேமுக்கு ஏற்ப சிஸ்டம் தன்னைச் சரிசெய்து கொள்ளும் நேரம் அது. 'போச்சுடா' என்று பதறி பாதியில் ஆஃப் செய்துவிடாதீர்கள்.

ஸ்டெப் 3: ரேமுக்கு டெஸ்ட் வையுங்கள்

விண்டோஸிலேயே ஒரு கருவி இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று தேடித் திறந்தால் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி சோதனை தொடங்கும். அப்போது எஃப்1 கீயை அழுத்தி 'எக்ஸ்டெண்டட்' முறையைத் தேர்வு செய்யலாம். நேரம் அதிகம் பிடிக்கும், ஆனால் சோதனை ஆழமாக இருக்கும். முடிவு உடனே தெரியாவிட்டால் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் பார்க்கலாம்.

இதைவிட நம்பகமானது மெம்டெஸ்ட்86. 1994-ல் உருவான இந்தக் கருவியை இன்றும் சர்வீஸ் செய்பவர்கள் பயன்படுத்துகிறார்கள். இலவசப் பதிப்பே போதும். வேறு நல்ல கம்ப்யூட்டரில் இருந்து இதைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து உங்கள் கம்ப்யூட்டரை பூட் செய்ய வேண்டும். விண்டோஸ் இல்லாமலேயே ஓடுவதால் சாஃப்ட்வேர் மீதான சந்தேகம் இங்கேயே விலகிவிடும். முழுச் சோதனைக்குப் பல மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.

காலையில் ஒரே ஒரு சிவப்பு எரர் இருந்தாலும் அது ஃபெயில்தான். 'லட்சத்தில் ஒண்ணுதானே' என்று விடக்கூடாது. அதே நேரம், எரர் வந்த உடனே ரேம்தான் குற்றவாளி என்றும் சொல்லிவிட முடியாது. ரேமுக்கும் ப்ராசஸருக்கும் இடையே உள்ள பாதையில் எங்கே தவறு நடந்தாலும் அது இந்த டெஸ்ட்டில் ரேம் எரராகத்தான் தெரியும். அதைப் பிரித்துப் பார்ப்பதுதான் அடுத்த ஸ்டெப்.

ஸ்டெப் 4: மாற்றி மாட்டும் சோதனை – முடிவு சொல்வது இதுதான்

இதில் ஒரே விதி: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ரேமையும் ஸ்லாட்டையும் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாது. ஒவ்வொரு ரேமிலும் சிறு பேப்பர் ஒட்டி நம்பர் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் 1-ம் ரேமை மட்டும் மேனுவல் சொல்லும் ஸ்லாட்டில் மாட்டி டெஸ்ட் ஓட்டுங்கள். பிறகு அதே ஸ்லாட்டில் 2-ம் ரேமை மட்டும் மாட்டி ஓட்டுங்கள். அடுத்து நல்ல ரேமை மற்ற ஸ்லாட்டுகளில் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள்.

முடிவை இப்படிப் படிக்கலாம்:

- ஒரு குறிப்பிட்ட ரேம் எந்த ஸ்லாட்டில் போட்டாலும் எரர் காட்டுகிறது, மற்றது காட்டவில்லை: ரேம் பழுது. அதை மட்டும் மாற்றினால் போதும்.
- எந்த ரேமைப் போட்டாலும் ஒரு குறிப்பிட்ட ஸ்லாட்டில் மட்டும் எரர் வருகிறது: ஸ்லாட், போர்டு அல்லது ப்ராசஸர் சாக்கெட் பக்கம் கோளாறு.
- தனித்தனியாக எல்லாமே பாஸ், இரண்டையும் சேர்த்தால் ஃபெயில்: இரண்டு ரேமும் ஒத்துப்போகவில்லை. வேறு வேறு நேரத்தில், வேறு வேறு பிராண்டில் வாங்கிய ரேம்களில் இது சகஜம். வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.
- எல்லா ரேமும் எல்லா ஸ்லாட்டிலும் ஃபெயில்: எல்லா ரேமும் ஒரே நேரத்தில் கெடுவது அபூர்வம். பவர் சப்ளை, ப்ராசஸர், போர்டு மூன்றையும் சந்தேகிக்க வேண்டும்.

வீட்டில் ஒரே ஒரு ரேம்தான் இருக்கிறது என்றால், அதே டிடிஆர் வகை ரேமை நண்பரிடம் இருந்து ஒருநாள் கடன் வாங்கிப் பாருங்கள். டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 போகாது. இரண்டிலும் நடுவில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். வம்படியாக அழுத்தினால் ஸ்லாட் உடைந்துவிடும்.

மதர்போர்டு என்று முடிவு செய்யும் முன்...

ஒரு ஸ்லாட் வேலை செய்யவில்லை என்றாலே மதர்போர்டு அவுட் என்று அர்த்தமில்லை. முன்பெல்லாம் ரேமைக் கட்டுப்படுத்தும் மெமரி கன்ட்ரோலர் மதர்போர்டில்தான் இருந்தது. ஏஎம்டி 2003-லும், இன்டெல் 2008-லும் அதை ப்ராசஸருக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டன. ரேம் ஸ்லாட்டில் இருந்து வரும் கம்பிகள் நேராக ப்ராசஸருக்குத்தான் போகின்றன. அதனால் இவற்றையும் பார்க்க வேண்டும்:

சாக்கெட் பின்: ப்ராசஸர் சாக்கெட்டில் ஒரே ஒரு பின் வளைந்திருந்தாலும் ஒரு ஸ்லாட்டோ, ஒரு பக்க ரேம் முழுவதுமோ காணாமல் போகும். 16 ஜிபி மாட்டியும் விண்டோஸில் 8 ஜிபிதான் காட்டுகிறதா? இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ப்ராசஸர் கூலரை ஒரு பக்கமாக இறுக்கி மாட்டினாலும் தொடர்பு விட்டுப்போகும். சமீபத்தில் கூலரைக் கழற்றியிருந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள்.

ப்ராசஸர்: இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் சிலவற்றில் 2024-ல் பெரிய சிக்கல் வெளியானது. கேம் திறந்தால் 'வீடியோ மெமரி போதவில்லை' என்று எரர் வரும். பலர் கிராபிக்ஸ் கார்டையும் ரேமையும் சந்தேகித்தார்கள். உண்மையில் தேவைக்கு அதிகமான வோல்டேஜால் ப்ராசஸரே பாதிக்கப்பட்டிருந்தது. பயாஸ் அப்டேட் வழியாகத் திருத்தம் கொடுத்த இன்டெல், வாரண்டியையும் 2 ஆண்டுகள் நீட்டித்தது. இந்தத் தலைமுறை ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் பயாஸை அப்டேட் செய்தாச்சா என்று பாருங்கள்.

பவர் சப்ளை: எஸ்எம்பிஎஸ் சீரான மின்சாரம் தராவிட்டாலும் ரேம் எரர் வரும், கம்ப்யூட்டர் திடீரென அணையும். வேறு ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ் மாட்டிப் பார்ப்பதே எளிய வழி. அதை மட்டும் நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

பயாஸ் பேட்டரி: போர்டில் காசு போல இருக்கும் சிஆர்2032 பேட்டரி 3 வோல்ட் கொண்டது. அது தீர்ந்தால் தேதியும் பயாஸ் செட்டிங்குகளும் மறந்துபோகும். பவர் கேபிளை எடுத்த பிறகு அதைச் சில நிமிடங்கள் கழற்றி வைத்தால் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும். தவறான செட்டிங்கால் பூட் ஆகாமல் நிற்கும் கம்ப்யூட்டர் இதில் எழுந்துகொள்ளலாம்.

இதெல்லாம் இருந்தால் மதர்போர்டுதான்

மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தும், உறுதியாக நல்ல ரேம், நல்ல பவர் சப்ளை போட்டும் அதே ஸ்லாட்டில் எரர் தொடர்ந்தால் போர்டு மீது கை நீட்டலாம். போர்டில் உருளை வடிவ கெபாசிட்டர்கள் தலை வீங்கியோ கசிந்தோ இருப்பது, கருகிய வாசனை, ஸ்லாட்டில் துரு, போர்டில் விரிசல் ஆகியவை நேரடி அடையாளங்கள்.

புதிய போர்டுகள் பலவற்றில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சிறு லைட்டுகள் இருக்கும். எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அந்த லைட் அணையாமல் எரியும். டிராம் லைட் எரிந்தால் ரேம் சோதனையில் சிக்கியிருக்கிறது என்று பொருள். பழைய போர்டுகளில் இதே தகவல் பீப் சத்தமாக வரும். எத்தனை பீப்புக்கு என்ன அர்த்தம் என்பது போர்டுக்குப் போர்டு மாறும், மேனுவலைப் பார்க்கவும்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு

பல மெல்லிய லேப்டாப்களில் ரேம் போர்டோடு சேர்த்தே சால்டர் செய்யப்பட்டிருக்கும். அங்கே மாற்றி மாட்டும் சோதனைக்கு வழியில்லை. மெம்டெஸ்ட் எரர் காட்டினால் நேராக சர்வீஸ் சென்டர்தான். சிலவற்றில் பாதி ரேம் சால்டராகவும், பாதி ஸ்லாட்டிலும் இருக்கும். ஸ்லாட்டில் உள்ளதை எடுத்துவிட்டு டெஸ்ட் ஓட்டினால் எது பழுது என்று தெரிந்துவிடும். திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.

கடையில் என்ன கேட்கணும்?

முதலில் வாரண்டி. பல பிராண்டுகள் ரேமுக்கு ஆயுட்கால வாரண்டி தருகின்றன. மதர்போர்டுக்குப் பெரும்பாலும் 3 ஆண்டு வரை இருக்கும். பில்லையும் ரேமில் உள்ள ஸ்டிக்கரையும் பத்திரமாக வைத்திருங்கள், ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி மறுக்கப்படலாம். இரண்டு ரேம் ஒரே செட்டாக வாங்கியிருந்தால் பல நிறுவனங்கள் இரண்டையும் சேர்த்தே அனுப்பச் சொல்லும்.

அடுத்து, மெம்டெஸ்ட் எரர் திரையை செல்போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 'இந்த ரேம், இந்த ஸ்லாட்டில் ஃபெயில், அந்த ஸ்லாட்டில் பாஸ்' என்று எழுதிக் கொடுத்தால் கடைக்காரரின் பாதி வேலை முடிந்தது. 'மதர்போர்டு போயிடுச்சு' என்று சொன்னால், 'வேற ரேம், வேற எஸ்எம்பிஎஸ் போட்டுப் பாத்தீங்களா?' என்று கேளுங்கள். நல்ல சர்வீஸ்காரர் அதைச் செய்து காட்டத் தயங்கமாட்டார். மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேட்டு வாங்கவும் மறக்காதீர்கள். வாரண்டி இருந்தும் காரணமின்றி மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

புதிய பாகம் மாட்டியதும் வேலை முடிந்துவிடவில்லை. மறுபடி ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் ஓட்டி, ஒரு எரர் கூட இல்லை என்று பாருங்கள். அதன் பிறகு, கோளாறு இருந்த நாட்களில் சேமித்த முக்கியமான ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து சரிபாருங்கள். கெட்டது ஏதாவது இருந்தால், அப்போதுதான் அந்தப் பழைய பேக்கப் கைகொடுக்கும்.